தான்சானியா: நிலமும் அண்மை வரலாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 நவம்பரில் சென்னை ஐஐடி தன் முதல் வெளிநாட்டு வளாகத்தைத் தான்சானியாவின் சான்சிபார் தீவில் திறந்தது. அதன் பிறகு, பிள்ளைகளை அங்கே அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் நண்பர்களும் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார்கள். சான்சிபார் தனி நாடா? தான்சானியாவில் சிங்கமும் யானையும் தவிர வேறு என்ன இருக்கிறது? விலங்குகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அங்கே பெரிய ஆச்சரியம் மக்கள்தான். 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள், ஒரு பொது மொழி, விடுதலைக்குப் பிறகு நாட்டைப் பிளக்கும் உள்நாட்டுப் போர் இல்லை. அது எப்படி அமைந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

தான்சானியா எங்கே இருக்கிறது?

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே. கிழக்கே இந்தியப் பெருங்கடல். வடக்கே கென்யா, உகாண்டா. மேற்கே ருவாண்டா, புருண்டி, காங்கோ ஜனநாயகக் குடியரசு. தெற்கே சாம்பியா, மலாவி, மொசாம்பிக். காங்கோவோடு நிலத்தில் எல்லை கிடையாது, நடுவில் டாங்கனிக்கா ஏரி கிடக்கிறது. பரப்பு சுமார் 9.45 லட்சம் சதுர கிலோமீட்டர். 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 6.17 கோடி.

நிலம் எப்படிப்பட்டது? பாலைவனமா, காடா?

இரண்டும் இல்லை. பெரும்பகுதி உயரமான பீடபூமி. புல்வெளியும் முட்செடிகளும் மியோம்போ எனப்படும் இலையுதிர் மரக்காடுகளும். இந்த நாட்டின் வடிவத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் போதும்: நிலம் இங்கே மெதுவாகப் பிளந்துகொண்டிருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கின் இரண்டு கிளைகளும் தான்சானியாவுக்குள் ஓடுகின்றன.

மேற்குக் கிளை பிளந்த பள்ளத்தில் தண்ணீர் நிறைந்ததுதான் டாங்கனிக்கா ஏரி. சுமார் 670 கிலோமீட்டர் நீளம், மிக ஆழமான இடத்தில் கிட்டத்தட்ட 1,470 மீட்டர். ஆப்பிரிக்காவிலேயே ஆழமான ஏரி. உலகில் பைக்கால் ஏரிக்கு அடுத்தது. தெற்கே நியாசா ஏரியும் அதே பிளவில் பிறந்ததுதான். வடக்கே உள்ள விக்டோரியா ஏரி வேறு வகை: இரு கிளைகளுக்கும் நடுவே தாழ்ந்த நிலத்தில் பரந்து கிடக்கும், ஆழம் குறைந்த ஏரி. அதில் ஏறக்குறைய பாதி தான்சானியாவுக்குச் சொந்தம்.

கிழக்குக் கிளை எரிமலைகளைக் கொடுத்தது. கிளிமஞ்சாரோ, மேரு, பழைய எரிமலை உள்ளே சரிந்து உருவான கொரோங்கோரோ. அங்கேயே ஒல் டொய்ன்யோ லெங்காய் என்று ஒரு மலை இருக்கிறது; மாசாய் மொழியில் 'கடவுளின் மலை'. மற்ற எரிமலைகள் கக்குவதைப் போல அல்லாமல், இதன் குழம்பு கருப்பு எண்ணெய் போல நீர்த்து ஓடும், காற்றுப்பட்டுச் சில நாளில் வெளுத்துவிடும். இந்த வகைக் குழம்பை இன்று உமிழும் எரிமலை உலகில் இது ஒன்றுதான்.

இன்னொன்றையும் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். மழையும் நல்ல மண்ணும் நாட்டின் விளிம்புகளில்தான்: ஏரிக்கரைகள், கிளிமஞ்சாரோ அடிவாரம், தென்மேற்கு மலைநாடு, கடற்கரை. நடுப்பகுதி வறண்டது. மக்கள் விளிம்பில் நெருங்கியும் நடுவில் சிதறியும் வாழ்கிறார்கள். எந்த ஒரு பெரிய இனமும் மையத்தில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களை ஆளவில்லை என்பதற்கு இந்த நில அமைப்பும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கிளிமஞ்சாரோவை விக்டோரியா மகாராணி ஜெர்மன் பேரரசருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தாராமே?

இல்லை. கென்யா எல்லைக்கோடு நேராக வந்து, அந்த மலையிடம் வளைந்து போவதைப் பார்த்து யாரோ கட்டிய கதை. 1886-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் பேரம் பேசிக் கோடு போட்டார்கள். மொம்பாசா துறைமுகம் பிரிட்டன் பக்கம், கிளிமஞ்சாரோ ஜெர்மனி பக்கம். மலையில் விவசாயம் செய்துவந்த சாகா மக்களை யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பரிசுக் கதையைவிட இதுதான் உறுத்துகிறது.

மலையின் உயரம் 5,895 மீட்டர். ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த இடம். உச்சிக்கு இப்போது 'உகுரு' என்று பெயர், ஸ்வாஹிலியில் விடுதலை. 1961-இல் விடுதலை கிடைத்த இரவில் அங்கே ஒரு தீபத்தை ஏற்றினார்கள்.

செரங்கெட்டி முழுக்க விலங்குகளுக்கு மட்டுமா? மாசாய் மக்கள் எங்கே போனார்கள்?

செரங்கெட்டி 1951-இல் தேசியப் பூங்கா ஆனது, பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுமாடுகள் மழையைத் தொடர்ந்து ஆண்டுதோறும் வட்டமடிக்கும் இடம். அங்கே தலைமுறைகளாக ஆடுமாடு மேய்த்த மாசாய் மக்களை 1959-இல் பிரிட்டிஷ் நிர்வாகம் வெளியேற்றி, கொரோங்கோரோ பகுதியில் இருக்கலாம் என்று வாக்குக் கொடுத்தது. இப்போது அங்கிருந்தும் போகச் சொல்கிறார்கள். 2022-இல் பக்கத்து லோலியொண்டோவில் எல்லைக்கல் நடும்போது மோதலே வெடித்தது. சுற்றுலா விளம்பரத்தில் சிவப்புத் துணி போர்த்திய மாசாய்க்காரர் படம் இருக்கும். அவருடைய மேய்ச்சல் நிலம் என்ன ஆனது என்று அதில் இருக்காது. அதைத் தெரிந்துகொண்டு போவதுதான் நியாயம்.

ஜெர்மானியர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்? யாரும் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள், கடுமையாக எதிர்த்தார்கள். 1884-இல் கார்ல் பீட்டர்ஸ் என்பவர் உள்ளூர்த் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்; அடுத்த ஆண்டே ஜெர்மன் அரசு அந்த நிலத்தைத் தன் பாதுகாப்பில் உள்ளதாக அறிவித்தது. 1888-இல் கடற்கரையில் அபுஷிரி தலைமையில் கிளர்ச்சி. 1891-இல் ஈரிங்கா பக்கம் ஹேஹே மக்களின் தலைவர் ம்க்வாவா ஒரு ஜெர்மன் படையையே ஏறக்குறைய அழித்தார். ஏழு ஆண்டு பிடிகொடுக்காமல் போராடி, 1898-இல் சுற்றி வளைக்கப்பட்டபோது தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அவருடைய தலையை வெட்டி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள்.

முதல் உலகப் போர் முடிந்து எழுதிய வெர்சாய் உடன்படிக்கையில், ம்க்வாவாவின் மண்டை ஓட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு பிரிவே உண்டு (246-ஆம் பிரிவு). ஆறு மாதத்தில் தரவேண்டியது, 1954-இல்தான் வந்து சேர்ந்தது. ஈரிங்காவுக்கு அருகே கலெங்காவில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

பெரிய எழுச்சி அதற்குப் பிறகுதான். தெற்கில் மக்களைக் கட்டாயப்படுத்திப் பருத்தி பயிரிட வைத்தது ஜெர்மன் நிர்வாகம். 1905-இல் மட்டும்பி மலைப்பகுதியில் ஜனங்கள் அந்தப் பருத்திச் செடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். கிஞ்சிகிடிலே என்ற அருள்வாக்குச் சொல்பவர், தான் கொடுக்கும் தீர்த்தம் குண்டுகளைத் தண்ணீராக்கிவிடும் என்று நம்ப வைத்தார். 'மஜி' என்றால் தண்ணீர். அதனால் மஜி மஜிப் போர் என்று பெயர். அவரைத் தொடக்கத்திலேயே தூக்கிலிட்டும் எழுச்சி அடங்கவில்லை. தீர்த்தம் குண்டைத் தடுக்கவில்லை. ஆனால் அதுவரை தனித்தனியாக இருந்த பல இனங்களை ஒரே நம்பிக்கையில் சேர்த்தது. 1907 வரை நடந்த போரில் ஜெர்மானியர் வயல்களையும் தானியக் குதிர்களையும் எரித்தார்கள். குண்டில் செத்தவர்களைவிடப் பஞ்சத்தில் செத்தவர்கள் அதிகம். குறைந்த மதிப்பீடே 75,000. வரலாற்றாசிரியர்கள் பலர் 2 லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். 2023 நவம்பரில் ஜெர்மன் அதிபர் ஸ்டைன்மையர் சொங்கேயா நகருக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்.

முதல் உலகப் போரில் தமிழ்ச் சிப்பாய்கள் அங்கே போனார்களா?

போனார்கள், இது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. 1914 நவம்பர் 2 முதல் 5 வரை, வடக்கே டாங்கா துறைமுகத்தைப் பிடிக்கப் பிரிட்டன் சுமார் 8,000 பேரை இந்தியாவிலிருந்து அனுப்பியது. அதில் பாளையங்கோட்டை பெயரைத் தாங்கிய 63-ஆவது இலகு காலாட்படையும் இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் நெரிசலான கப்பலில் வந்து களைத்தவர்களை, சரியான உளவுத் தகவல்கூட இல்லாமல் கரையிறக்கிப் போருக்கு அனுப்பினார்கள். எதிரில் ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் தலைமையில் சுமார் 1,000 பேர். பெரும்பாலும் ஆப்பிரிக்க அஸ்காரிச் சிப்பாய்கள். சண்டைக்கு நடுவே காட்டுத் தேனீக்கள் கலைந்து இரு தரப்பையும் கொட்டின. பிரிட்டிஷ் தரப்பு துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் போட்டுவிட்டுக் கப்பலேறியது.

பழியை இந்தியச் சிப்பாய்கள்மேல் போட்டு எழுதியவர்கள் உண்டு. திட்டம் போட்டவர்களின் தவறை அவர்கள் உயிரால் சுமந்தார்கள் என்பதே என் எண்ணம்.

இந்தப் போரில் இன்னும் பெரிய துயரம் சுமைதூக்கிகளுடையது. இரு தரப்புக்கும் மூட்டை சுமந்த ஆப்பிரிக்கர்கள் பல்லாயிரம் பேர் நோயாலும் பசியாலும் இறந்தார்கள். தார் எஸ் சலாமின் பெரிய சந்தைப் பகுதிக்குக் கரியாகூ என்று பெயர். அந்தச் சுமைப்படைக்கு ஆங்கிலத்தில் இருந்த 'கேரியர் கோர்' என்ற பெயர்தான் ஊர் வாயில் அப்படி ஆயிற்று.

ஜெர்மானியருக்குப் பின் பிரிட்டன். விடுதலை எப்படி வந்தது?

போர் முடிந்து டாங்கனிக்கா என்ற பெயரில் பிரிட்டனின் பொறுப்புக்கு வந்தது. முதலில் சர்வதேச சங்கத்தின் ஆணைப்படி, பின்னர் ஐ.நா. மேற்பார்வையில். 1954 ஜூலை 7-ஆம் தேதி டானு என்ற கட்சி தொடங்கியது. தலைவர் ஜூலியஸ் நியரேரே: 1922-இல் விக்டோரியா ஏரிக்கு அருகே புட்டியாமாவில் பிறந்தவர், எடின்பரோவில் படித்தவர், பள்ளி ஆசிரியர். மக்கள் கடைசிவரை அவரை 'ம்வாலிமு' என்றே அழைத்தார்கள். அதாவது வாத்தியார். அவருடைய சனாகி இனம் மிகச் சிறியது. பெரிய இனத்துத் தலைவராக இருந்திருந்தால் மற்றவர்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

பீபி டிட்டி முகமது என்ற பாடகியும் இதில் முக்கியமானவர். தார் எஸ் சலாமின் பெண்கள் நடனக் குழுக்களை அவர் கட்சிக்குள் கொண்டுவந்தார். தொடக்க ஆண்டுகளில் கட்சியை வீடுவீடாகக் கொண்டுபோனது அந்தப் பெண்கள்தான். 1961 டிசம்பர் 9, துப்பாக்கிச் சூடு இல்லாமல் விடுதலை.

இத்தனை இனங்கள் ஒரே மொழியில் எப்படிப் பேசுகின்றன?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. ஸ்வாஹிலி கடற்கரையில் பிறந்த ஆப்பிரிக்க மொழி; பாண்டு மொழிக் குடும்பம், அரபுச் சொற்கள் நிறைய. பருவக்காற்றில் பாய்மரக் கப்பல்கள் அரேபியாவுக்கும் குஜராத்துக்கும் போய் வந்ததில் சாய், சப்பாத்தி, கடைக்கு 'டூகா' என்று நமக்குப் பழகிய சொற்களும் சேர்ந்தன. வணிகர்கள் அதை உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஜெர்மானியர் கீழ்நிலை நிர்வாகத்தை அதில் நடத்தினார்கள். முக்கியமானது, அது எந்தப் பெரிய இனத்தின் தாய்மொழியும் அல்ல. அதை ஏற்றுக்கொண்டால் யாருக்கும் தோற்ற உணர்வு வராது.

நியரேரே இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தொடக்கப் பள்ளியெல்லாம் ஸ்வாஹிலியில் நடந்தது. அவரே ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களை அதில் மொழிபெயர்த்து, இந்த மொழியால் எதையும் சொல்ல முடியும் என்று காட்டினார். 1967-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனமும் மதமும் கேட்கப்படுவதில்லை. ஒரு குறை இருக்கிறது: உயர்நிலைப் பள்ளி இன்னும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஸ்வாஹிலியில் படித்து வரும் கிராமத்துப் பிள்ளை அங்கேதான் தடுக்கி விழுகிறது.

சான்சிபார் தனி நாடா?

இல்லை, ஆனால் சாதாரண மாநிலமும் இல்லை. உங்குஜா, பெம்பா என்ற இரு பெரிய தீவுகள். தனி அதிபர், தனிச் சட்டமன்றம், தனிக் கொடி. வெளியுறவு, ராணுவம் போன்றவை ஒன்றிய அரசிடம்.

பின்னணி இது. 19-ஆம் நூற்றாண்டில் ஓமான் சுல்தான் தன் தலைநகரையே இங்கே மாற்றினார். கிராம்புத் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பில் வளர்ந்தன; அடிமைச் சந்தை 1873-இல்தான் மூடப்பட்டது. பின்னர் பிரிட்டனின் பாதுகாப்பு நாடாகி, 1963 டிசம்பர் 10-இல் சுல்தான் தலைமையிலேயே விடுதலை பெற்றது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஆப்பிரிக்கர்களின் ஆஃப்ரோ-ஷிராசி கட்சி பாதிக்கு மேல் வாக்கு வாங்கியும், தொகுதிக் கணக்கில் ஆட்சி கிடைக்கவில்லை. அந்த ஆட்சி நின்றது ஒரு மாதம்தான். 1964 ஜனவரி 12 அதிகாலையில், உகாண்டாவிலிருந்து வந்த ஜான் ஓகெல்லோ தலைமையில் ஒரு கூட்டம் காவல் நிலைய ஆயுதக் கிடங்குகளைப் பிடித்தது, சுல்தான் தப்பியோடினார். அடுத்த நாட்களில் அரபு, தெற்காசியக் குடும்பத்தினர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அடிமை முறையின் பழைய கோபம் உண்மை. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறு கடைக்காரர்களும் ஏழைகளும் என்பதும் உண்மை.

ஆஃப்ரோ-ஷிராசி கட்சித் தலைவர் அபெய்த் கருமே அதிபரானார். தீவு இன்னொரு கியூபா ஆகிவிடுமோ என்று மேற்கத்திய நாடுகள் பதற, நியரேரேயும் கருமேயும் விறுவிறுவென்று பேசி முடித்து 1964 ஏப்ரல் 26-இல் இரு நாடுகளையும் இணைத்தார்கள். இரு மண்ணையும் நியரேரே ஒரு பாத்திரத்தில் கலக்கும் படத்தை இன்றும் எங்கும் பார்க்கலாம். டாங்கனிக்காவின் 'டான்', சான்சிபாரின் 'சான்' சேர்ந்து தான்சானியா. இந்த இணைப்புக்குப் பொது வாக்கெடுப்பு நடக்கவில்லை. தீவில் அந்த மனக்குறை இன்றும் ஆறவில்லை.

உஜமா என்றால் என்ன? அது வென்றதா, தோற்றதா?

உஜமா என்றால் குடும்ப உறவு. 1967 பிப்ரவரியில் அருஷா பிரகடனத்தில் நியரேரே ஆப்பிரிக்க சோஷலிசத்தை அறிவித்தார். வங்கிகள் அரசுடைமை ஆயின. சிதறி வாழும் விவசாயிகள் ஒரே கிராமமாகக் கூடி, நிலத்தைச் சேர்ந்து உழுது, பள்ளியும் மருந்தகமும் தண்ணீரும் பெறுவார்கள் என்பது கனவு. முதலில் விருப்பப்பட்டவர்கள் வந்தால் போதும் என்றார்கள். யாரும் அவ்வளவாக வரவில்லை. 1973 முதல் கட்டாயம். லட்சக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றி இடம் மாற்றினார்கள், திரும்பி வராமல் இருக்கப் பல இடங்களில் பழைய வீட்டை எரித்தார்கள். வயல் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். அதோடு வறட்சியும் சேர, விளைச்சல் விழுந்து தானியத்தை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது.

பொருளாதாரமாகத் தோற்றது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் முதியோர் கல்வியும் தொடக்கக் கல்வியும் கிராமங்களுக்குப் போயின. விடுதலையின்போது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிறுபான்மை, 1980களின் நடுவில் அரசுக் கணக்குப்படி சுமார் 90 சதவீதம். நல்லவர் ஒருவர் மக்களின் நன்மைக்காகவே அவர்களைக் கேட்காமல் செய்த காரியம் என்று இதைப் பார்க்கிறேன். வீடு எரிந்தவருக்கு அவர் நல்லவர் என்பது ஆறுதல் ஆகாது. 1985-இல் நியரேரே தானாகவே பதவியை விட்டு விலகினார். 1999-இல் இறந்தார்.

உகாண்டாவைப் போல இங்கும் இந்தியர்களைத் துரத்தினார்களா?

சட்டம் போட்டுத் துரத்தவில்லை. அங்கிருந்த இந்தியர்கள் பெரும்பாலும் குஜராத்திகள், கோவாக்காரர்கள். 1971-இல் வாடகைக் கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டது. இழந்தவர்களில் இந்திய வம்சாவளியினர் மிக அதிகம், பலர் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். அதே காலத்தில் நிதியமைச்சராக இருந்தவர் இந்திய வம்சாவளி அமீர் ஜமால் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இடி அமீனை வீழ்த்தியது தான்சானியாதானா?

ஆம். 1978 அக்டோபர் கடைசியில் உகாண்டாவின் சர்வாதிகாரி அமீனின் படை தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் புகுந்து அதைத் தன்னுடையது என்றது. தான்சானியப் படை, உகாண்டா அகதிப் போராளிகளோடு சேர்ந்து பதிலடி கொடுத்து, 1979 ஏப்ரல் 11-இல் கம்பாலாவைப் பிடித்தது. அமீனுக்கு லிபியா படை அனுப்பியும் பயனில்லை. ஏற்கெனவே தளர்ந்திருந்த கஜானா இந்தச் செலவில் காலியானது.

சீனா கட்டிய ரயில் பாதை எது?

டசாரா. தார் எஸ் சலாமிலிருந்து சாம்பியாவின் கபிரி ம்போஷி வரை சுமார் 1,860 கிலோமீட்டர். வெள்ளையர் ஆண்ட ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே), தென்னாப்பிரிக்கா வழியாகப் போகாமல் சாம்பியாவின் செம்பைக் கடலுக்குக் கொண்டுவர ஒரு வழி வேண்டியிருந்தது. மேற்கு நாடுகள் கையை விரித்தன. சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்து 1970-க்கும் 1975-க்கும் நடுவில் கட்டி முடித்தது. மொசாம்பிக்கின் விடுதலை இயக்கமான ஃபிரெலிமோ பிறந்ததும் தார் எஸ் சலாமில்தான். ஏழை நாடாக இருந்துகொண்டே தெற்கின் விடுதலைக்கு இவ்வளவு தோள் கொடுத்த நாடு வேறு எது என்று தெரியவில்லை.

தலைநகர் எது?

டொடோமா. நாட்டின் நடுவில் இருக்கிறது என்பதற்காக 1973-இல் முடிவு செய்தார்கள்; அரசு அலுவலகங்கள் உண்மையில் பெயர்ந்தது 2016-க்குப் பிறகு. பெரிய நகரம் இன்றும் தார் எஸ் சலாம்தான், 50 லட்சத்துக்கும் மேல் மக்கள்.

மக்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

பெரும்பாலோர் சிறு விவசாயிகள். மக்காச்சோளம்தான் அன்றாடச் சாப்பாடு, கெட்டியாகக் கிளறிய களிக்கு 'உகாலி' என்று பெயர். காபி, முந்திரி, தங்கம், சுற்றுலா வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டுவருகின்றன. தான்சனைட் என்ற நீல நிற ரத்தினக்கல் உலகில் கிளிமஞ்சாரோவுக்கு அருகே மெரெரானியில் மட்டுமே கிடைக்கிறது. அங்கே விளையும் துவரையில் பெரும்பங்கு இந்தியாவுக்கே வருகிறது. நம் வீட்டுச் சாம்பாரில் ஒரு பிடி அந்த மண்ணுடையதாகவும் இருக்கலாம்.

இப்போது அரசியல் நிலவரம் எப்படி?

கவலை தருகிறது. 1992-இல் பல கட்சி முறை வந்தும், 1977-இல் டானுவும் ஆஃப்ரோ-ஷிராசியும் இணைந்து உருவான சிசிஎம் கட்சி இதுவரை ஆட்சியை இழந்ததே இல்லை. 2015-இல் அதிபராக வந்த மகுஃபூலி ஊழலை விரட்டுகிறார் என்று மக்கள் கொண்டாடினார்கள். அப்புறம் பத்திரிகைகளையும் எதிர்க்கட்சியையும் நெரித்தார், கொரோனா எண்ணிக்கை வெளியிடுவதையே நிறுத்தினார். 2021 மார்ச்சில் அவர் இறந்ததும் சான்சிபாரைச் சேர்ந்த சாமியா சுலுஹு ஹசன் நாட்டின் முதல் பெண் அதிபரானார். கொஞ்ச நாள் காற்று வந்தது.

2025 அக்டோபர் 29 தேர்தலில் முக்கிய எதிர்க்கட்சி சடேமாவால் போட்டியிட முடியவில்லை. அதன் தலைவர் துண்டு லிசு தேசத்துரோக வழக்கில் சிறையில் இருந்தார். சாமியா சுமார் 98 சதவீத வாக்கு பெற்றதாக அறிவித்தார்கள். இளைஞர்கள் வீதியில் இறங்கினார்கள். இணையம் துண்டிக்கப்பட்டது, ஊரடங்கு போட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். இன அடையாளத்தைத் தாண்டி ஒன்றாக நிற்கக் கற்றுக்கொடுத்த அதே கட்சி, வேறு கருத்தோடு நிற்கும் உரிமையைத் தரவில்லை. பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பயப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் தேர்தல் சமயங்களில் செய்தியைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

அங்கே ஒருவர் "காலை ஒரு மணிக்கு வா" என்றால் என்ன அர்த்தம்?

ஏழு மணி. ஸ்வாஹிலியில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. நாம் ஏழு என்பது அவர்களுக்கு 'சா மோஜா', முதல் மணி. நம் பெரியவர்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் பிடிபடும். நம் கடிகாரத்தில் ஆறு மணி நேரத்தைக் கழித்தால் அவர்கள் சொல்லும் நேரம். எழுத்தில் பெரும்பாலும் ஆங்கிலக் கணக்கு, பேச்சில் ஸ்வாஹிலிக் கணக்கு. பேருந்துக்கு நேரம் கேட்கும்போது எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.